எனக்குத் தெறக்குதே

அலுவலகத்தில் அவளுக்கு லிங்க் அக்கா என்று பெயர். நிறுவனத்தின் உள் இணையதளம் அவள் பொறுப்பு. லீவு விதி, காப்பீட்டுப் படிவம், கட்டட வரைபடம் என்று எல்லாருக்கும் வேண்டிய கோப்புகள் பொது சர்வரில் எங்கெங்கோ கிடக்கும். அவற்றைத் தேடி யாரும் அலையாதபடி தளத்தில் லிங்க் போட்டு வைப்பது அவள் வேலை. திறக்கவில்லை என்று யார் வந்து நின்றாலும் தன் கணினியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். "எனக்குத் தெறக்குதே" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது. வீட்டில் ஜாடி மூடி இறுகிக்கொண்டாலும் புருஷன், "உங்கம்மாவக் கூப்பிடு, அவளுக்குத் தெறக்கும்" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

நாத்தனாரும் அதே மாடியில்தான், கணக்குப் பிரிவில். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது இவள். நாத்தனார் அதை மறக்கவில்லை, மன்னிக்கவுமில்லை.

இடித்துக் கட்டிய மாடிக்கு எல்லாரும் குடிவந்தபோது, தீப்பிடித்தால் வெளியேறும் வழிப்படத்தைத் தளத்தில் போட்டாள். திறந்து பார்த்து 'படித்தேன்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லி உத்தரவு. அழுத்தினார்கள். நாத்தனார் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, ஜெராக்ஸ் ரூமைத் தாண்டி அந்தச் சந்துக் கடைசியில கதவுன்னு போட்டிருக்கீங்களே, நெஜமாவே அங்க கதவு இருக்கா?"

அவள் தட்டிப் பார்த்தாள். படத்தில் கதவு லிஃப்டுக்குப் பின்னால், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"எனக்குச் சரியாத்தான் தெறக்குது. நீ மொதல்ல கண்ணாடிய மாத்து."

"எங்கண்ணனுக்கும் இதையேதான் சொல்றீங்க" என்று நாத்தனார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. பேட்டரி அறையிலிருந்து புகை கிளம்பி மாடியில் பரவியது. அபாய மணி அடித்தது. லிங்க் அக்கா லிஃப்டுக்குப் பின்னாலிருந்த கதவைத் தள்ளி, படியிறங்கி முற்றத்துக்கு வந்தாள்.

"என்னம்மா, நீங்க மட்டுமா?" என்றார் காவலாளி.

"பின்னாடியே வராங்க."

யாரும் வரவில்லை. மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. ஓர் அலறல் இல்லை, ஓடும் காலடி இல்லை. மணியும் நின்றுவிட்டது. அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்க?"

"கதவுகிட்டதான் அண்ணி. வரிசையில நிக்கிறோம்." குரல் ரேஷன் கடையில் நிற்கிறவள் குரல்போல நிதானமாக இருந்தது. "இன்னும் தெறக்கல."

"எந்தக் கதவு?"

"நீங்க போட்ட கதவு."

காவலாளி தடுக்கத் தடுக்கக் கைக்குட்டையை நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டு ஏறினாள். ஜெராக்ஸ் அறையைத் தாண்டிய சந்தில் மாடியே நின்றுகொண்டிருந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. போன் வெளிச்சங்கள் புகையில் மங்கிக் கிடக்க, அத்தனை முகமும் ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்திருந்தன. முன்னால் நின்ற கேஷியர், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மரியாதையோடு, சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பொறுங்கம்மா, வெளியிலேருந்து தெறப்பாங்க."

அவர் கையில் படத்தின் பிரதி இருந்தது. மேலே அவளுடைய தளத்தின் பெயர். கீழே, சுவர் இருந்த இடத்தில், கதவு. அந்தப் படம் அவள் திரையில் ஒரு நாளும் வந்ததில்லை.

"அது சுவரு. லிஃப்ட் பக்கம் வாங்க."

ஒருவரும் அசையவில்லை. தீ என்றால் லிஃப்ட் பக்கமே போகக்கூடாது என்றல்லவா சொல்லி வைத்திருந்தார்கள். "படம் நீங்க போட்டதுதானேக்கா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் சந்தேகமாகக் கேட்டது.

"நான் போட்டதுதான். தப்பாப் போட்டுட்டேன்."

வரிசையிலிருந்து நாத்தனார் வெளியே வந்தாள். இருமிக்கொண்டே சொன்னாள்: "எங்கண்ணிய எனக்குத் தெரியும். தப்புன்னு அவங்க வாயாலயே சொன்னா அது நெசமாத்தான் இருக்கும். நடங்க."

நடந்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள்.

மறுவாரம் நாத்தனாரின் நாற்காலியில் உட்கார்ந்து அதே லிங்கைத் தட்டினாள். இடிப்பதற்கு முந்தைய பழைய படம் வந்தது. சர்வரின் முழுப் பெயரை எழுதாமல், கணினி அதற்கு வைத்திருக்கும் 'இசட்' மாதிரியான ஒற்றைச் சுருக்க எழுத்தைப் போட்டு லிங்க் கொடுத்திருந்தாள். அவள் கணினியில் அந்த எழுத்து, குடிவந்தபோது வாங்கிய புது சர்வரைக் காட்டியது, மற்ற எல்லாருக்கும் பழைய படம் கிடந்த பழைய சர்வரை. பக்கத்து வீடு என்று சொன்னால், நிற்கிறவர் இடத்தைப் பொறுத்து வீடு மாறத்தானே செய்யும்.

சந்துச் சுவரில், கதவுப் பிடி இருக்க வேண்டிய உயரத்தில், கரி படிந்த கைத்தடங்கள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாமே பிடியைத் தேடிய கைகள். சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவை மறுபடி தெரிகின்றன.

இப்போது எந்த லிங்க் போட்டாலும் எழுந்து கணக்குப் பிரிவுக்குப் போகிறாள்.

"உனக்குத் தெறக்குதா?"

"தெறக்குது அண்ணி."

"என்ன தெரியுது? வாய்விட்டுச் சொல்லு."