சவுரியம்மாளின் புதன்கிழமைகள்

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள், ஏரிக்குக் கீழே இருந்த சவுக்குத் தோப்பில் ஆனந்தராஜின் உடல் கிடைத்தது. பிரேதப் பரிசோதனைக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்திலும் தண்ணீர் நின்றது. வெட்டிய குழியில் ஊறிய தண்ணீரை இரண்டு பேர் குடத்தால் இறைத்துக்கொண்டே இருக்க, மற்றவர்கள் பெட்டியை இறக்கினார்கள். அப்போதும் அவன் மனைவி சவுரியம்மாள் அழவில்லை.

"மறுபடியும் தண்ணியிலயா வெக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கிளியனூருக்கு மேற்கே, ஏரிக்கும் சாலைக்கும் நடுவில் பள்ளத்தில் இருக்கிறது அவர்களுடைய காலனி. ஆனந்தராஜ் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினான். சவுரியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். ஒரே மகள் அன்புச்செல்வி ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். குறைவில்லாத வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் அவன் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஏரி வழிந்து தெருவுக்குள் வந்துவிட்டது. எல்லோரும் சாலையோரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அங்கே வராந்தாவில் நின்று புடவையைப் பிழியும்போதுதான் சவுரியம்மாளுக்கு ஞாபகம் வந்தது.

"ஐயோ, ஃபோன பீரோ மேலயே வெச்சிட்டு வந்துட்டன். பாப்பா ஃபோன் பண்ணா இன்னான்னு நெனைக்கும்?"

"உட்றீ, பாத்துக்கலாம்" என்றான் ஆனந்தராஜ். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பி வரவில்லை.

தன் ஃபோனை எடுக்கத்தான் அவன் போனான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதை அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அதுதான் வெளியே வரும் என்று பயந்து, பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

மார்கழியில் விழுப்புரத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் அருணா என்ற பெண் வந்தாள். புதன்கிழமை தோறும் மாதா கோயில் கொட்டகையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசலாம் என்றாள். முதல் புதன் கொட்டகை கொள்ளவில்லை. நிவாரணம் தருவார்கள் என்று ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு வந்திருந்தார்கள். "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று அவள் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் கூட்டம் பாதியாகிவிட்டது.

அதற்கடுத்த வாரம் வந்தவர்கள் வேறு வேலையாக வந்தவர்கள். ஊரில் நிலம் வைத்திருக்கும் சீனுவாசன் விதைக்கான மல்லாட்டைக் கடலையை உரிக்கக் கொடுத்திருந்தார். வீடுகளில் தரை இன்னும் ஈரம் காயவில்லை என்பதால் பெண்கள் மூட்டையைக் கொட்டகைக்குள் இழுத்து வந்து சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அருணா நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. வெள்ளையம்மாள்தான் தானாகச் சொன்னாள்.

"யாராச்சும் குழாய தொறந்து உட்டா போதும் மேடம், அந்தச் சத்தத்துக்கு கால தூக்கி கட்டில்மேல வெச்சிக்கிறேன். எம் மருமவ பாத்து சிரிக்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது இரண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கும் அப்பிடித்தான் கீது" என்றாள் ஒருத்தி. கை உரித்துக்கொண்டே இருந்ததால் யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு வந்தது.

மகளின் நச்சரிப்பு தாங்காமல் சவுரியம்மாளும் வரத் தொடங்கினாள். தூணோரமாக உட்கார்ந்து உரிப்பாள், போய்விடுவாள். பொங்கல் கழிந்த ஒரு புதன்கிழமை, கேட்காமலே சொன்னாள்.

"நான்தான் அனுப்புனேன். ஃபோன் ஃபோன்னு சொல்லிக்கினு இருந்தேன். அந்தப் பாழாப்போன ஃபோனுக்குத்தான் அவரு போனாரு."

அருணா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், எதிரே இருந்த கலையரசி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். காலனியின் கடைசி வீட்டுக்காரி அவள்; புருஷன் சென்னையில் பெயின்ட் வேலை செய்கிறான்; புயலன்று தனியாக இருந்தாள்.

"அக்கா, மாமா ஃபோனுக்குப் போவல."

சவுரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இடுப்பளவு தண்ணில மாட்டிக்கினு கத்திக்கினு இருந்தன். நீ மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வரலன்னுதான் தேடி வந்தேன்னு மாமாதான் வந்து கையப் புடிச்சி ரோட்டாண்ட கொண்டாந்து உட்டாரு. நான் சும்மா இருந்திருக்கலாம்க்கா. ஆடு கட்டிப் போட்டிருக்குதுன்னு அழுதேன். 'இரு, அவுத்து உட்டுட்டு வர்றேன்'னு திரும்பப் போனாரு. அதுக்குள்ள டிராக்டர் வந்து என்ன கிளியனூரு மண்டபத்துக்கு ஏத்திக்கினு பூட்டாங்க. வந்துருப்பாருன்னுதான் நெனச்சேன்."

"ஆடு?"

"அவுத்து உட்டுட்டாரு. ஏரிக்கரையில நின்னுக்கினு இருந்தது. அத பாக்க முடியாம எங்கம்மா வூட்டுக்கு ஓட்டி உட்டுட்டன்."

"ஃபோனுக்குப் போவலயா?" என்று சவுரியம்மாள் மறுபடி கேட்டாள். பிறகு, "இத்தினி நாளா என் எதிர்க்க உக்காந்துக்கினு இருந்தியேடி" என்றாள். மடியிலிருந்த மல்லாட்டை சிதற எழுந்து போய்விட்டாள்.

அதன்பின் அவள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. குழாயடியில் கலையரசியைக் கண்டால் காலிக் குடத்தோடு திரும்பினாள். காலனியிலும் சிலர் கலையரசியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தன் மீது இருந்த பழி இறங்கியதில் சவுரியம்மாளுக்கு நிம்மதி வரவில்லை. அதுவரை பழியாவது தன்னுடையதாக இருந்தது. இப்போது ஓர் ஆட்டுக்காகத் தன் புருஷன் போய்விட்டான் என்றே நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். சோறு ஆக்குவதையே மறந்த நாட்களும் உண்டு.

அருணா ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள்.

"அவள மன்னிச்சிடுன்னு சொல்ல வந்தியா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

"பாத்துட்டுப் போலாம்னு."

வாசற்படியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். அடுத்தடுத்த வாரங்களிலும் வந்தாள்.

பங்குனி வெயில் ஏறிவிட்ட ஒரு புதன்கிழமை சவுரியம்மாள் கொட்டகைக்குள் நுழைந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகக் கலையரசி முன்னால் போய் நின்றாள்.

"கடைசியா அவரு இன்னா சொன்னாரு?"

கலையரசி எழுந்து நின்றாள்.

"எம் பேர எதனா சொன்னாரா? எங்கிட்ட சொல்லச் சொல்லி எதனா?"

கலையரசி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் விரும்பினார்கள்.

"இல்லக்கா. 'எப்பா, இன்னா சில்லுனு கீதுடா தண்ணி'ன்னாரு. சொல்லிட்டு சிரிச்சாரு. பூட்டாரு."

"சித்திர மாசத்துலகூட சுடுதண்ணி இல்லாம குளிக்க மாட்டாருடி அவரு" என்றாள் சவுரியம்மாள். தரையில் உட்கார்ந்து, கல்லறையில் அழாத அழுகையை அன்றைக்கு அழுதாள். வெள்ளையம்மாள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். கலையரசி கிட்டே போகவில்லை, விலகியும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சவுரியம்மாள் தொடர்ந்து வந்தாள். ஆனால் கலையரசியைத் தன் வீட்டுப் படியேறி வா என்று கூப்பிடவில்லை. கலையரசியும் அதை எதிர்பார்க்கவில்லை. "எங்கூட வந்துடும்மா, ரூம் எடுத்துக்கலாம்" என்று அன்புச்செல்வி ஒவ்வொரு ஞாயிறும் சொன்னாள். "அங்க வந்து யாரோட பேசிக்கினு கெடப்பேன்?" என்று இவள் மறுத்தாள். கோடையோடு அருணாவை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்கள் கூடுவதை நிறுத்தவில்லை. சில புதன்கிழமைகளில் வெள்ளையம்மாளும் இன்னொருத்தியும் மட்டும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போவார்கள்.

ஐப்பசியில் அந்த வருஷத்தின் முதல் பெருமழை பிடித்தது. அன்று வெள்ளிக்கிழமை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மத்தியானத்துக்குள் ஒவ்வொருத்தியாகத் துணிமணி, கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் தனியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க ஒருத்தியாலும் முடியவில்லை.

சவுரியம்மாள் நனைந்துபோய்க் கடைசியாக வந்தாள். உள்ளே இடம் இருந்தது கலையரசிக்குப் பக்கத்தில் மட்டும்தான். ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"உன் வூட்டாண்ட தண்ணி ஏறிச்சா?"

"இன்னும் இல்லக்கா."

சவுரியம்மாள் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தாள். தகரக் கூரை மேல் மழை அடித்த அடியில் அதற்குமேல் பேசினாலும் கேட்காது. எல்லோரும் வாசலைப் பார்த்தபடி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.