முழங்கைக்கு அடியில் ஒரு கை

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி நான் சிதம்பரத்துக்கு வந்த புதிது. ஆவணி மழையில் கிணற்றடிப் பாசி வழுக்கி விழுந்து, வலது முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கைதான் மடங்க மறுத்தது. விரல்கள் சோற்றை நன்றாகப் பிசையும். பிசைந்த சோறு மட்டும் வாய்க்கு வராமல் நெஞ்சுக்கு நேரே நின்றுவிடும்.

"இடது கையால் சாப்பிட்டிருக்கலாமே" என்று இப்போது என் மருமகள் கேட்கிறாள். அன்று எங்கள் வீட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் என் நாத்தனார்தான் ஊட்டிவிட்டாள். என்னைவிடச் சின்னவள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, உருண்டை உருண்டையாக ஊட்டுவாள். ருசியாகத்தான் இருக்கும். ஆனாலும் வெட்கத்தில் எனக்கு உயிர் போகும். தை மாதம் அவளுக்குப் பண்ருட்டியில் கல்யாணம். அவள் போய்விட்டால் என் கதி? கணவருக்கு நெல்லிக்குப்பத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மாமியார் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்காருவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்றிருந்தது.

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். நானும் நாத்தனாரும் வாராவாரம் பஸ்ஸில் போனோம். முரட்டுத்தனமாக மடக்கப்போகிறார் என்று முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவரோ வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துவிட்டு, பிறகு என் கையை வலி தொடங்குகிற இடம்வரை மெதுவாகக் கொண்டுபோய், அங்கேயே பொறுமையாக நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்தார். அந்தக் கைகளின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. கிளம்பும்போது கொஞ்சம் கூடுதலாக மடங்கும். அடுத்த வாரம் பார்த்தால் பழையபடி விறைத்திருக்கும்.

ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை. "வீட்ல யாரும்மா உனக்கு ஊட்றது?" என்றார்.

நாத்தனார் பெருமையாக, "நான்தாம்மா. அண்ணிய ஒரு வேலையும் செய்யவுடறதில்ல. தலகூட நான்தான் வாரிவுடறேன்" என்றாள்.

"அதான் நான் மடக்கறதெல்லாம் வீணாப் போவுது. இனிமே ஊட்டாத. அவுங்களே எடுத்துச் சாப்பிடட்டும். நீ முழங்கைக்கு அடில கைய வெச்சித் தாங்கு, போதும். தள்ளாத" என்று, என் கையையே பிடித்து அவளுக்குச் செய்து காட்டினார்.

பஸ்ஸில் வரும்போது அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. "ஆசையா செஞ்சது தப்பாப் பூட்டுதே அண்ணி" என்று அழுதாள். ஆனால் மறுநாளிலிருந்து மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கெஞ்சினாலும் ஊட்டமாட்டாள். என் சேலையெல்லாம் குழம்பு. பாதி வயிற்றோடு எழுந்த நாட்கள் நிறைய. கோபத்தில் அவளைத் திட்டித் தீர்ப்பேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள், உள்ளங்கையை மட்டும் என் முழங்கைக்கு அடியிலிருந்து எடுக்கமாட்டாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம். ரசஞ்சோறு. கழுத்தை நீட்டி, பாதி தூரம் குனிந்துதான் போனேன். இருந்தாலும் சோறு வாய்க்குள் போய்விட்டது.

"நான் கைய எடுத்து எந்நேரமாச்சு அண்ணி, நீ பாக்கவேல்ல" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அவள் கை அவள் மடியில் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று தெரியவில்லை. மாமியார் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அவள் ஊட்டிய சோற்றை மறந்தாலும் மறப்பேன். ஊட்டாமல், திட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்களை மறக்கமாட்டேன்.