தறி நின்றால் கத்தும் குஞ்சுகள்

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. மாடியில் வீட்டுக்காரம்மா. பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள். அந்த மகளின் கைக்குழந்தை, பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. அட்டைப் பெட்டியில் ஏழு வாத்துக் குஞ்சுகள். என் மச்சினன் புதுச்சத்திரத்தில் இருந்தான், ஆனாலும் போனில் வந்தான். அவனையும் சேர்க்கத்தான் வேண்டும்.

முட்டை வாங்கியது எனக்காக. எனக்கு மூலம். வாத்து முட்டை தின்றால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்த்தவர்களிடம் மனைவி ஒரு டஜன் வாங்கி வந்தாள். மூன்று தின்றேன். கவிச்சி தாங்கவில்லை. போதும் என்றேன்.

மீதி ஒன்பதை அவள் வீணாக்கவில்லை. தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முட்டைகளை அடுக்கினாள். வீட்டில் இடம் இல்லை. தறிக் கொட்டகையில் என் தலைக்கு மேலே ஒரு பரண் உண்டு. அதில் பெட்டியை ஏற்றினாள். கீழே இரண்டு விசைத்தறி. காலை ஏழு மணிக்குப் போட்டால் பொழுது சாயும் வரை ஓடும். மேலே அவள் முட்டையைத் திருப்பி வைப்பாள். கீழே நான் துண்டு நெய்வேன். இருபத்தெட்டாம் நாள் ஏழு பொரிந்தது. இரண்டு கூமுட்டை.

மனைவி குஞ்சுகளை அட்டைப் பெட்டிக்கு மாற்றித் தறிக்குப் பக்கத்திலேயே வைத்தாள், அவற்றை விட்டு நகரவில்லை. சேலையில் மஞ்சள் மஞ்சளாக இறகு ஒட்டியிருக்கும். என் சோற்றில்கூட ஒரு நாள் ஓர் இறகு கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டுத் தின்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்ந்து கத்தின. கீச்சுக் கீச்சென்று நிற்காமல். தீனி இருந்தது. தண்ணீர் இருந்தது. மச்சினன் அன்று வந்திருந்தான். அவனுக்கு முட்டைக்கோழிப் பண்ணையில் பன்னிரண்டு வருட வேலை.

"குளுருக்குத்தான் கத்துது மாமா. பல்பக் கீழ எறக்குங்க."

"இது வாத்துடா மாப்ளே."

"வாத்துன்னா என்ன, மூக்குச் சப்பையான கோழி. நானு லச்சம் குஞ்சு பாத்தவன்."

இறக்கினேன். குஞ்சுகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. கத்தல் கூடியது.

மனைவி வந்து பல்பை மேலே தூக்கிக் கட்டினாள். "குளுருன்னா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் படுக்கும். இதுக வேகுதுடா. லச்சம் பாத்தானாம்."

"பண்ணையில கேட்டுப் பாரு, என்ற பேரு தெரியும்."

"கோழிககிட்டயா கேக்கச் சொல்ற?"

அவன் அடுத்த யோசனையும் சொன்னான். தண்ணீர்த் தட்டை எடுத்துவிட வேண்டும், ஈரம் ஆகாது, சொட்டுச் சொட்டாகக் குடித்தால் போதும். அதையும் செய்தோம். ஒரு குஞ்சுக்குத் தவிடு மூக்கில் அடைத்துத் தும்மியது. மனைவி தட்டைத் திரும்ப வைத்தாள். அது மூக்கு முங்கும்வரை தலையை உள்ளே விட்டு உதறியது. தும்மல் நின்றது. வாத்துக்கு மூக்குக் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று அன்று தெரிந்தது. கத்தல் மட்டும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை சத்தமே இல்லை. மச்சினன் போன் செய்தான். "பாத்தீங்களா, நான் சொன்ன வைத்தியம்."

இரண்டு நாள் கழித்து மத்தியானம் கரண்ட் போனது. திரும்பக் கத்தல். பல்பும் அணைந்ததால் குளிர்தான் என்றான் மச்சினன் போனில். பங்குனி வெயில். சுவர் காய்கிறது. எனக்கே பனியன் நனைந்துவிட்டது.

கத்தலில் வகை உண்டு என்று மனைவி சொல்ல ஆரம்பித்தாள். ஒன்று மட்டும் கழுத்தை நீட்டிக் கத்தினால் மற்றதைக் காணோம் என்று அர்த்தம். அதை எடுத்துக் கூட்டத்தில் விட்டால் போதும். பேச்சுப்போல் மெல்ல முனகினால் சுகமாக இருக்கிறது. எல்லாம் ஒன்றாக, தலை தூக்கி, மேலே பார்த்துக் கத்துவது மட்டும் அவளுக்கும் பிடிபடவில்லை.

எனக்குத்தான் முதலில் பிடிபட்டது. ஒரு தறியில் பெல்ட் அறுந்து இரண்டு நாளாக நின்றிருந்தது. மற்றதில் பாவு நூல் தீர்ந்தது. புது நூல் பிணைக்கத் தறியை நிறுத்தினேன். கத்த ஆரம்பித்தன. பல்பு எரிகிறது. தட்டில் தண்ணீர் இருக்கிறது. பிணைத்து முடித்துத் தறியைப் போட்டேன். கத்தல் நின்றது. மறுபடி நிறுத்தினேன். கத்தல். போட்டேன். அமைதி. ராத்திரி தறி நின்றாலும் தூக்கத்தில் கிடக்கும், பகலில் நின்றால்தான் இந்தக் கத்தல்.

ஞாயிறு தறிக்கு லீவு, கரண்ட் போனாலும் தறி ஓடாது என்பது அப்போதுதான் உறைத்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"முட்டைக்குள்ள இருந்தே இதத்தானுங்க கேட்டுருக்குது" என்றாள். ஒரு குஞ்சைக் கையில் எடுத்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப இதுகளுக்கு நானு ஆருங்க? தறிதான் ஆத்தாளாட்ட."

இதற்குள் வீட்டுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, தறிச் சத்தத்துக்கு நானு ஒரு நாளாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கறனா?"

"இல்லைங்க."

"இது காதுல ஊசி குத்துறாப்புல இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம கொளந்த பொட்டுத் தூக்கம் இல்ல. வர்ற வெசாழக்கெழம ஷட்டவுனாம், ஒம்பதுக்குப் போனா ரெண்டுக்குத்தான் கரண்ட்டு. அன்னிக்கும் இதே கூத்துன்னா, சாயங்காலம் ஆருக்காச்சும் குடுத்துருங்க."

நியாயம்தான். ஆனால் வாத்து மேய்த்தவர்கள் கரூர்ப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் வாத்தை வாங்கிக்கொள்வது ரோட்டோரம் வாத்துக்கறி போடும் கடை ஒன்றுதான். அன்று மனைவி எனக்குச் சோறு போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை அவள் போனில் தறிச் சத்தத்தைப் பிடித்தாள். குஞ்சுகள் போனைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. ஒன்று அதன்மேலேயே எச்சம் போட்டுவிட்டது. துடைத்தேன்.

வியாழக்கிழமை ஒன்பதுக்குக் கரண்ட் போனது. போனைப் பெட்டியில் வைத்தோம். பத்து மணி வரை பெட்டியில் ஓர் அரவம் இல்லை. அப்போது போன் அடித்தது. தறிச் சத்தம் அறுந்தது. ஏழும் கத்தின.

மச்சினன். "மாமா, கத்துதுகளா?"

"நீ கூப்பிட்டதாலதான்டா கத்துது. வை போனை."

அதற்குப் பிறகு தறிச் சத்தம் அரை மணி ஓடியது. சார்ஜ் தீர்ந்தது. என் போன் பட்டன் போன், அதில் ஒன்றும் பிடித்து வைக்கவில்லை. குஞ்சுகள் தலையைத் தூக்கின. மனைவி என்னைப் பார்த்தாள்.

நான் ஒரு பழைய நாடாவை எடுத்தேன். தறியில் குறுக்கே ஓடி நூல் விடும் கட்டை அது. தறி மரத்தில் தட்டினேன். டக்கு டக்கு, டக்கு டக்கு. முப்பத்தைந்து வருடமாகக் கேட்கும் சத்தம், கை தானாக அடித்தது. முதலில் ஒரு குஞ்சு உட்கார்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக. கழுத்தை முதுகில் வைத்துக் கண்ணை மூடின.

ஒரு மணி நேரம் தட்டியிருப்பேன். தோள் கழன்றது. நாடாவை வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். குஞ்சுகள் எழவில்லை. ஆனால் மாடியில் குழந்தை வீறிட்டது. படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரம்மா.

மனைவி பெட்டிமேல் சேலைத் தலைப்பைப் போட்டு மூடினாள்.

"எதுக்குங்கண்ணா நிறுத்துனீங்க?" என்றார் அவர்.

நான் செம்பை வைத்துவிட்டு நாடாவை எடுத்தேன்.

"தட்டுங்க, தட்டுங்க. காலைல இருந்து கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. நீங்க தட்ட ஆரம்பிச்சதும் அப்படியே தூங்கிட்டான். இப்ப மறுக்காப் புடிச்சிட்டான்."

பின்னாலேயே மகள் குழந்தையோடு வந்தாள். "ஏழாம் மாசத்துல இருந்து இந்தக் கொட்டகைக்கு மேலதானேம்மா படுத்திருந்தேன். ஞாயித்துக்கெழமையும் இதுக்குத்தான் கத்தியிருப்பான். நீங்க வாத்துமேல பழியப் போட்டுட்டீங்க."

வீட்டுக்காரம்மா சேலையை இழுத்துச் செருகினார். என் கையிலிருந்து நாடாவை வாங்கினார். "தள்ளுங்க. எங்கப்பன் ஊட்டுல எட்டுத் தறி." தட்டினார். என்னைவிட ஓட்டம் சுத்தமாக இருந்தது.

மனைவி தலைப்பை எடுத்தாள். "அக்கா, சாயங்காலம் இதுகள..."

"எங்கயும் போவேண்டாம். ஞாயித்துக்கெழம கத்துச்சுன்னா மட்டும் வந்து தட்டிட்டுப் போறேன்."

மனைவி அடுப்படிக்குப் போய் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை தனக்கும்.

முறை வைத்துத் தட்டினோம். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது. தறியைப் போட நான் எழுந்திருக்கவில்லை, கையால் தட்டிக்கொண்டே இருந்தேன். பெட்டியைப் பார்த்தேன். மகள் மடியில் குழந்தையைப் பார்த்தேன். தூங்கியதை எண்ணினேன்.

எட்டு.