கோலத்துக்குள் நான்கு முட்டை

பாலக்கரையில் லூர்துராணி டீச்சரைப் பற்றி இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பது ஒன்று. மாசி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்த கையோடு பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முதலாவதுக்குக் காரணம் என்று தெரு தீர்ப்பே எழுதிவிட்டது. தெருவுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

அந்த பைனாகுலர், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பொன்மலை ரயில்வே கார்டு ஒருவர் விற்றுவிட்டுப் போனது. துறையூர் போய், இருக்கிற ஒரே பஸ்ஸைப் பிடித்து, பச்சைமலை அடிவாரத்தில் இறங்கி நடப்பாள். இலை உதிர்ந்து பூ மட்டும் நிற்கும் கல்யாண முருங்கையில் சோளக்குருவிகள் போடும் கூச்சலை மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கோடை முற்றினால் அவை வடக்கே போய்விடும்.

ஆனால் அவள் மனசு கிடந்தது காவிரி மணலில்தான். தண்ணீர் வற்றிய ஆற்றில், கூடு என்று சொல்ல ஒன்றுமில்லாமல், வெறும் பள்ளத்தில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இடும். ஐந்து வருஷமாகத் தேடிப் போய்ப் பார்க்கிறாள். ஒரு வருஷம் மாட்டு வண்டிச் சக்கரம், ஒரு வருஷம் நாய், மற்றதெல்லாம் என்னவென்றே தெரியாது. ஒரு குஞ்சு பொரித்துக்கூட அவள் பார்த்ததில்லை. அது அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

1958 பங்குனியில், ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்த பாப்பாயியின் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கூடு தப்பிப் பிழைத்திருந்தது. முட்டை இட்டு அன்று இருபத்தேழாம் நாள். மறுநாள் பொரிக்க வேண்டும்.

மறுநாள்தான் பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பல்லக்கில் ஆற்றைக் கடந்து உறையூர் நாச்சியாரைப் பார்க்கப் போகிற நாள். ஆற்றில் மிஞ்சியிருந்த ஓடை இடம் மாறியதால் இந்த வருஷப் பாதை பாப்பாயியின் பாத்தியை ஒட்டி, கூட்டுக்கு இருபது அடியில் வந்திருந்தது. பல்லக்கு அதன் வழியில் போய்விடும். கூட வருகிற ஆயிரம் கால்களை யார் கட்டிப்போடுவது?

"தூக்கி அந்தாண்ட வச்சுட்டா என்ன டீச்சர்?" என்றாள் பாப்பாயி.

"இடம் மாறினா தாய் திரும்பி வராது பாப்பாயி."

"அப்ப சுத்தி ஒரு கோலம் போட்டுடறேன். கோலத்த எவனும் மிதிக்க மாட்டான்."

லூர்துராணிக்கு அது சரியென்று பட்டது. "அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும்" என்று சொல்லிவிட்டு, ஸ்கூல் மைதானத்தில் ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். பாப்பாயி நடுவைத் தாராளமாக விட்டு, பெரிய தாமரையாகப் போட்டு முடித்தாள். பொழுது சாய்வதற்குள் குருவி திரும்பி வந்து உட்கார்ந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் வந்து பார்த்தால் கோலத்தைச் சுற்றி ஐம்பது பெண்கள். தேங்காய், பழம், கற்பூரத் தட்டு. கோலம் போட்ட இடத்தில் பெருமாள் நிற்பார் என்று யாரோ சொல்ல, பாதையே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. யாரும் கோலத்தை மிதிக்கவில்லை, அது உண்மை. ஆனால் குருவியும் உள்ளே போக முடியவில்லை. தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது. முட்டைகள் மணல் நிறத்தில் கிடந்ததால் யார் கண்ணுக்கும் படவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படிக் கிடந்தால் உள்ளே இருக்கிறது வெந்துவிடும்.

"சொல்லிடலாமா?" என்றாள் லூர்துராணி.

பாப்பாயியின் முகம் வெளுத்திருந்தது. "வேணாம் டீச்சர். பெருமாள் நிக்கிற எடத்துல முட்டைன்னு தெரிஞ்சா தீட்டுன்னு எடுத்து எறிஞ்சுடுவாங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

மேளச் சத்தம் நெருங்கியது. குடை தெரிந்தது. பல்லக்கு நேராகக் கோலத்தை நோக்கித்தான் வந்தது. முன்னால் வருகிறவர் இன்னும் பத்து எட்டு வைத்தால் எல்லாம் முடிந்தது. பொட்டில்லாத நெற்றியோடு, பாலக்கரை வேதக்காரி, லூர்துராணி அங்கே நிற்பதே அதிகம்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள். முட்டைகளுக்கு மேலே நிழல் விழும்படி, மாதா கோவிலில் பழகின மாதிரியே முழங்காலில் நின்று, குனிந்துகொண்டாள்.

"யாருடி அது, கோலத்த மிதிக்கிறா?"

"வேண்டுதலா இருக்கும், விடு."

மேளம் நின்றது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது பல்லக்குத் தூக்குகிறவர்களின் கால்கள் மட்டும்தான். கணுக்கால் வரை மணல் ஒட்டியிருந்தது. முதல் ஜோடிக் கால் அவள் கைக்கு ஒரு முழத்தில் நின்றது.

"அங்க என்னம்மா?" என்று மேலேயிருந்து ஒரு குரல் தாழக் கேட்டது.

பொய் சொல்ல வரவில்லை. "முட்டைங்க. இன்னிக்குப் பொரிக்கப் போகுது."

அந்தக் கால்கள் அசையவில்லை. அப்போதுதான் கீழேயிருந்து, ஓட்டுக்குள்ளிருந்து, கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. மேலே இருந்தவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நீங்க அசையாதீங்கோ" என்றது குரல். பிறகு பின்னால் இருப்பவர்களுக்கு உரக்க, "பெருமாள வலப்பக்கமா ஏளப்பண்ணுங்கோ."

கால்கள் ஒவ்வொன்றாக விலகி, கோலத்தைச் சுற்றிக்கொண்டு போயின. கூட்டமும் பெருமாள் பின்னாலேயே போய்விட்டது.

அவள் எழுந்து விலகியதும் குருவி வந்து உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் மூன்று குஞ்சு வெளியே வந்தது. நான்காவது முட்டை அப்படியே கிடந்தது. வெயில்தான் காரணமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம் கடைசிவரை அவளை விடவும் இல்லை. மூன்றும் உலர்ந்து எழுந்து, தாய் கூப்பிட்ட பக்கம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடியபோது லூர்துராணி அழுதாள். பைனாகுலர் தேவைப்படவில்லை.

பாப்பாயி பிஞ்சு வெள்ளரிக்காய் ஒன்றை ஒடித்துப் பாதியை அவளிடம் நீட்டினாள்.

"எனக்கெல்லாம் கூட்டத்துல குடைதான் தெரிஞ்சுது. நீங்க அவ்ளோ கிட்ட இருந்தீங்களே டீச்சர், பெருமாள நல்லா பாத்தீங்களா?"

லூர்துராணி வெள்ளரிக்காயை வாங்கிக்கொண்டாள்.

"இல்ல பாப்பாயி. நான் தலையவே தூக்கல."