நார்பர்ட்டின் கொட்டகைக்கு வெட்டிய இரும்பு

ராய்ஸ் லெம்கேவைப் போன்ற பிடிவாதக்காரன் இன்னொருவனை எங்கள் கெல்னர் ஃபால்ஸில் யாராவது காட்டினால், அவனுக்கு ஒரு வாரம் முழுக்க என் கடையில் பியர் இலவசம். இருபது வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே இங்கேதான் வரும். ராய்ஸின் பட்டறை எதிர்ப்பக்கம். மாட்டுக் கொட்டகைக்குள் பசுக்கள் வரிசையாகப் படுக்க இரும்புக் குழாயில் தடுப்பு செய்வார்களே, அதுதான் அவன் தொழில். ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். அந்தப் பட்டறையைக் காப்பாற்ற அவன் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நவம்பரில் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், அடுத்த வருடத்துக்கான விலையைப் பேசிக் கை குலுக்கிவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் ஆளைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். பேசிய விலையைப் பற்றி வருடம் முடியும்வரை யாரும் பேச்சே எடுக்க மாட்டார்கள். அப்படித்தான் நார்பர்ட் வியூம் தன் பண்ணையில் கட்டப்போகிற புதுக் கொட்டகைக்கு முழுத் தடுப்பும் செய்யச் சொல்லி ராய்ஸின் கையைக் குலுக்கினான். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் கூட்டாளிகள். ராய்ஸின் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை.

குளிர்காலம் முடியுமுன், இறக்குமதி இரும்புக்கு அரசாங்கம் வரி போடுகிறது என்ற செய்தி வந்த அன்று ராய்ஸ் கடையில் எல்லோருக்கும் ஒரு சுற்று பியர் வாங்கிக் கொடுத்தான்.

"நான் வாங்குறதெல்லாம் நம்ம நாட்டு இண்டியானா மில்லு இரும்பு, மார்லிஸ். வரி வெளிநாட்டுக்காரனுக்குத்தானே? எனக்கென்ன வந்துச்சு? இனிமே நம்ம ஆளுங்க காட்டுல மழைதான்."

"காசைக் குடுத்துட்டுப் பேசு. மழை வரும்போது பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த மாதம் முடிவதற்குள் இண்டியானா மில்லுக்காரனே விலையை ஏற்றிவிட்டான். வெளிநாட்டு இரும்பு ஏறினால் தான் மட்டும் ஏன் பழைய விலைக்கு விற்க வேண்டும் என்று தொலைபேசியில் சிரித்தானாம். இன்னும் ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். ராய்ஸ் பயந்துபோய், நார்பர்ட்டின் கொட்டகைக்கு வேண்டிய குழாய் மொத்தத்தையும் ஒரே மூச்சில் வாங்கினான். பட்டறையையும் வீட்டையும் அடகு வைத்து எடுத்த கடன். வட்டி நிலையானதல்ல, ஏறி இறங்கும் வட்டி. கோடையில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கப்போகிறது, அப்போது மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அடகுப் பத்திரத்தில் அவன் மனைவி கேரலும் கையெழுத்துப் போட்டாள்.

கோடை வந்தது, வட்டி குறையவில்லை. எப்படிக் குறையும்? திருகாணி ஏறியது, வெல்டிங் கம்பி ஏறியது, கையுறை ஏறியது. எனக்குக் கனடாவிலிருந்து வரும் மீனும் ஏறியது. தட்டுக்கு நான் இரண்டு டாலர் கூட்டினேன். வாரா வாரம் வந்தவர்கள் ஒரு வாரம் விட்டு வரத் தொடங்கினார்கள். விலைவாசி இப்படி ஏறுகிறபோது வட்டியில் கை வைக்க முடியாது என்று மத்திய வங்கி சொல்லிவிட்டது. கடன் வாங்கிக் கொட்டகை கட்ட இருந்த விவசாயிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ராய்ஸுக்குப் புது வேலை ஒன்றுகூட வரவில்லை. கையில் இருந்தது நார்பர்ட்டின் வேலை மட்டும், அதுவும் பழைய விலைக்கு. செய்து முடித்தால் கைக்காசு போகும்.

"நார்பர்ட்கிட்ட கூட்டிக் கேளேன்யா. இரும்பு விலை அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"கை குடுத்தாச்சு மார்லிஸ்."

"கைதானே குடுத்தே, கழுத்தையா குடுத்தே?"

தட்டில் இருந்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். நான் பியர் வைக்கப் போகும்போது காதில் விழுவதெல்லாம் மழை, மக்காச்சோளம், முழங்கால் வலி. கொட்டகை எப்போது என்று ராய்ஸ் கேட்டால், கான்கிரீட் போடுகிறவன் இழுத்தடிக்கிறான் என்பான் நார்பர்ட். பட்டறை எப்படி என்று நார்பர்ட் கேட்டால், ஓடுது என்பான் ராய்ஸ். எங்கள் ஊர் ஆண்கள் வீடு பற்றி எரிந்தாலும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வேறு வேலை இல்லாததால், கோடை முடிவதற்குள் ராய்ஸ் ஆட்களை வைத்து எல்லாக் குழாயையும் நார்பர்ட்டின் அளவுக்கு வெட்டி, வளைத்து, பற்றவைத்து முடித்தான். பட்டறை நிரம்பி வாசல்வரை அடுக்கிவிட்டார்கள்.

செப்டம்பரில் வங்கிக்குப் போய்த் தவணைக்கு அவகாசம் கேட்டிருக்கிறான். வங்கியில் இருந்த பையன் டெரிக், ராய்ஸின் கண்ணெதிரே வளர்ந்தவன்.

"நான் என்ன சார் பண்றது? மேல இருக்கறவங்க பொருளாதார வளர்ச்சியே நின்னுபோச்சுங்கறாங்க. இரும்பு சம்பந்தப்பட்ட கடன் எதுக்கும் தவணையை நீட்டக்கூடாதுன்னு உத்தரவு. அந்தக் கொட்டகைப் பணம் வந்துட்டா கொண்டுவந்து கட்டிடுங்க, பட்டறை தப்பிச்சிரும்" என்றானாம்.

அந்த வெள்ளிக்கிழமை ராய்ஸ் சவரம்கூடச் செய்யாமல் வந்தான். மீனைத் தொடவில்லை. நார்பர்ட் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான். நான் பக்கத்து மேசையைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டேன்.

"நார்ப், நான் வாக்கு மாறுறேன். என்னை என்ன வேணா திட்டிக்க. அந்த விலைக்கு என்னால முடியல. கொஞ்சம் கூட்டிக் குடு. இல்லைன்னா பழைய விலையையாவது இப்பவே குடுத்துடு. சாமான் எல்லாம் ரெடியா இருக்கு. குடுக்கலைன்னா பட்டறை போயிரும்டா."

நார்பர்ட் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"ரெடியா இருக்கா? எல்லாமேவா?"

"கடைசிக் குழாய் வரைக்கும்."

"அடப்பாவி, ஏன்டா செஞ்சே?" என்றான் நார்பர்ட். "கொட்டகை கட்டப்போறதில்லடா. ஏப்ரல்லயே அந்தத் திட்டம் நின்னுபோச்சு. நம்ம வரிக்குப் பதில் வரின்னு மெக்சிகோக்காரன் சீஸ் வாங்கறதை நிறுத்திட்டான், பால் காசு பாதியாயிருச்சு. இந்த வட்டிக்கு எவன் கடன் வாங்கிக் கட்டுவான்? குறையும் குறையும்னு காத்திருந்தேன்."

"ஏப்ரல்ல நான் ஒரு குழாய்கூட வெட்டலை, நார்ப். வெட்டாத குழாயை அப்பவே வித்திருப்பேன்."

"தெரியாதே! உன்கிட்ட எப்படிச் சொல்றது? கை குடுத்திருக்கேனே."

ராய்ஸ் அவனைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இரண்டு பேரும் என் கடையில், அத்தனை பேர் முன்னால், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேசை துடைத்த துணியை அவர்கள் மேசையில் வீசிவிட்டு அடுப்படிக்குப் போய் நானும் அழுதேன்.

நார்பர்ட்டின் அளவு வேறு எந்தக் கொட்டகைக்கும் பொருந்தாது. மாட்டு இனமும் தரையின் சரிவும் பார்த்துச் செய்வது அது. ராய்ஸ் பக்கத்து மாவட்டம்வரை ஒவ்வொரு பண்ணையாகப் போய் இலவசமாகப் பொருத்தித் தருகிறேன் என்று கெஞ்சினான். பால் விலை இருக்கிற இருப்பில் யாரும் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. கடைசியில் பழைய இரும்புக்காரன் லாரியோடு வந்தான். அவன் சொன்ன விலை தவணைக்குப் பாதிகூட வராது. ஒன்பது பேரையும் ராய்ஸ் வாசலில் நிற்கவைத்து, பட்டறையை மூடுவதாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் கை நீட்டினான். இருவர் கை கொடுக்கவில்லை.

வங்கி பட்டறையோடு வீட்டையும் எடுத்துக்கொண்டது. கேரல் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், தற்காலிகமாக என்று சொல்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கடை திறக்குமுன் ராய்ஸ் பின்வாசலில் வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது. அறுபத்தொரு வயது ஆள், வாழ்நாளில் யார் கீழும் வேலை பார்க்காதவன்.

"வெள்ளிக்கிழமைல மீன் பொரிக்க ஆள் வேணுமா, மார்லிஸ்? பாத்திரம் கழுவுனாலும் சரி."

அந்த வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை முந்தின வாரம்தான் நான் நிறுத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் பாதியாகிவிட்டது. மீன் பொரிப்பதும் நான்தான், பாத்திரம் கழுவுவதும் நான்தான்.

"இல்லை ராய்ஸ்" என்றேன்.

"சரி" என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு, பட்டறை இருந்த பக்கம் பார்க்காமல், நெடுஞ்சாலைப் பக்கமாக நடந்து போனான்.