நம்பர் போட்ட நாவல் மரம்

எங்கள் ஊரில் ஒரு மரத்துக்கு நம்பர் போட்டார்கள் என்றால் அதன் கதை முடிந்தது என்று அர்த்தம். கள்ளக்குறிச்சி போகிற ரோட்டை அகலப்படுத்தியபோது புளிய மரங்களில் சிவப்புப் பெயின்ட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே போனார்கள். கொஞ்ச நாளில் ஒரு மரம்கூட மிச்சமில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. எனக்குத் தெரிந்த அரசாங்க நடைமுறை அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்டும் வேலை என் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. அதுவரை யார் யாரிடமோ மேஸ்திரியாக இருந்தவர், முதல் தடவையாகத் தன் பெயரில் எடுத்த வேலை. மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆனால் வேலையோடு கூடவே ஒரு காகிதமும் வந்தது. மணலைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், தூசி பறக்காமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், சிமெண்ட் கழுவிய தண்ணீர் ஏரிக்குப் போகக் கூடாது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

"இன்னாப்பா, மணலுக்குக் குளுருதுன்னு போத்தி வுட்டுக்கினு இருக்க? ரெண்டு ரூம் கட்ட இவ்ளோ பத்தியமா?" என்றார் டீக்கடைக்காரர். சித்தப்பா சிரித்துக்கொண்டே தண்ணீர் தெளித்தார்.

காகிதத்தில் கடைசியாக இருந்தது நாவல் மரம். இடைஞ்சலாக இருந்த நான்கு தைல மரங்களை எடுத்துவிடலாம், நாவலைத் தொடக் கூடாது. பார்வையிட வந்த இன்ஜினியர் அம்மா கறாராகவே சொன்னாராம்: "அந்த மரம் நிக்கணுங்க. அதுக்கு எதுனா ஆச்சுன்னா அடுத்த வேலை உங்க பேருக்கு வராது. மறக்காம அடையாளம் போட்டு வைங்க." இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். நாவல் மரத்தில், என் தலை உயரத்தில், சிவப்பாக ஒரு '1'. ஐயோ, இதன் கதையும் முடிந்ததா! வகுப்பில் இடமில்லாமல் நாங்கள் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தது அந்த மரத்தடியில்தான். பழம் விழுந்தால் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுப் பொறுக்குவோம், டீச்சரும் பொறுக்குவார். அதை வெட்டப் போகிறவர் என் சொந்தச் சித்தப்பா! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பிள்ளையா நான்?

தேய்த்துப் பார்த்தேன், பெயின்ட் போகவில்லை. வீட்டுக்கு ஓடி, கொட்டகையிலிருந்து இரண்டு கை சாணியை அள்ளிவந்தேன். எங்கள் பக்கத்தில் சுவர், பாறை, மரம் என்று எது கிடைத்தாலும் வறட்டி தட்டிவிடுவார்கள். யாருக்கும் சந்தேகம் வராது. நம்பரின் மேல் பெரிதாக ஒன்று தட்டினேன். நம்பர் இல்லாவிட்டால் மரம் பிழைத்தது என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சித்தப்பா கம்பி வாங்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தார். நம்பர் போட்ட மரத்தை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள் என்று மரம் வெட்டுகிறவர்களிடம் போனிலேயே சொல்லியிருந்தார். மிஷின் ரம்பத்தின் சத்தம் கேட்டு நான் ஓடியபோது ஐந்து மரமும் தரையில் கிடந்தன.

வந்த சித்தப்பா வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் அப்படியே கீழே விட்டார். "யோவ், நாவல ஏன்யா அறுத்தீங்க?"

"எதுலயும் நம்பர் இல்லீங்க. சுத்திப் பாத்துட்டுதான் அறுத்தோம். உங்களுக்குப் போன் போட்டுக்கினே இருந்தோம், நீங்க எடுக்கல" என்றார் அவர்களில் மூத்தவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நம்பர் வெட்டுவதற்கல்ல, விட்டுவைப்பதற்கு.

ஆட்கள் கிளை கழிக்கப் போய்விட்டார்கள். சித்தப்பா விழுந்து கிடந்த நாவலைச் சுற்றி வந்தார். வறட்டியைப் பெயர்த்தார். கீழே அந்த '1' அப்படியே இருந்தது. வறட்டியைத் திருப்பிப் பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, ஈரம் காயாத அந்த வறட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துத் தன் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்.

மத்தியானம் இன்ஜினியர் அம்மா வந்தார். "அடையாளம் போடச் சொன்னேனா இல்லையா?"

"மறந்துட்டேங்க. தப்பு என்னுதுதான்" என்றார் சித்தப்பா.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டார். வகுப்பறைகளையும் கட்டி முடித்தார். அதற்கப்புறம் அவர் பெயரில் எந்த வேலையும் வரவில்லை; பழையபடி மேஸ்திரியாகப் போனார்.

நான் அன்று சாமியைக் கும்பிட்டேன். பெரியவர்களும் பயந்தால் பொய் சொல்வார்கள் போலிருக்கிறது, நல்லவேளை நான் மாட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பெயர்த்த வறட்டியை யாராவது திரும்ப ஒட்டுவார்களா என்று சிரிப்புக்கூட வந்தது. வறட்டி என்றால் தட்டியவர் கை அதில் பதியும் என்பது எனக்குத் தெரியும். அதில் பதிந்திருந்த ஐந்து விரல்களும் எவ்வளவு சின்னவை என்பதுதான் எனக்குத் தோன்றவே இல்லை.