ஒரே ஓசையில் இரண்டு சொற்கள்

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். விராலிமலையில் மாமியாரோடு இருந்தேன். வயிற்றுவலி தாங்காமல் திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போன என் கணவரை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் இங்கிலீஷில் டைப் அடித்த கார்டு வந்தது. வீட்டில் எட்டாவது வரை படித்தவள் நான்தான்.

அவர் பெயர் புரிந்தது. அடுத்து, ‘டிசீஸ்டு’. பிறகு எனக்குத் தெரியாத ஒரு சொல். அப்புறம் ‘ரிமூவ்டு’. உடனே வரவும்.

பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் செத்துப்போன என் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘டிசீஸ்டு’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ரிமூவ்டு என்றால் அப்புறப்படுத்தியாயிற்று.

“என்னத்தா போட்டிருக்கு?” என்றார் மாமியார்.

“நம்மள வரச் சொல்லியிருக்காங்க, அத்தே.”

வேறு யாரிடமும் கார்டைக் காட்டவில்லை. இன்னொரு வாய் அதைச் சொல்லிவிடுமோ என்று பயம். பஸ் ஏறும் இடத்தில் மாமியார் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். “புருசனப் பாக்கப் போறவ வெறுந்தலையாவா போவ?” என்று அவரே வைத்துவிட்டார். தலையில் நெருப்பை வைத்தது போலிருந்தது. திருச்சி வரைக்கும் அவர் மகனுக்குப் பிடித்த குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் “ஆமா அத்தே, ஆமா அத்தே” என்றுகொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் மாமியாரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நர்ஸிடம் கார்டை நீட்டினேன். “எங்க வச்சிருக்கீங்க?” என்றேன்.

“ஆறாம் நம்பர் கட்டில். கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கார்.”

நான் கார்டில் ‘டிசீஸ்டு’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினேன். நர்ஸுக்கு விளங்கிவிட்டது. சிரிக்கவில்லை.

“கெட்டுப்போன கிட்னியை எடுத்தாச்சுன்னு போட்டிருக்கும்மா. இது நோய் பிடிச்சதுக்குச் சொல்றது. கிட்னிக்கும் சொல்லலாம், கத்திரிச் செடிக்கும் சொல்லலாம். செத்த மனுசங்களுக்குப் போடுறது வேற வார்த்தை. அதுல டிக்கு அப்புறம் ஈ, சி வரும். இதுல ஐ, எஸ். காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமியாரைக் கூட்டிக்கொண்டு கட்டிலருகே போனபோது என் கணவர் வற்றிப்போன குரலில், “ஏன் இப்படி நடுங்குற?” என்றார்.

“பஸ்சுல ஒரே காத்து” என்றேன். மாமியார் அதற்குள் மகனின் நெற்றியைத் தடவ ஆரம்பித்திருந்தார். பெட்ஷீட்டுக்கு மேல் கிடந்த அவர் கையைப் பிடித்தேன். சுட்டது. லேசான ஜுரம்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகும் விடவில்லை.